கடவுளுக்கு ஹவுஸ் ஓனர் உண்டா?

1148-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பிரான்சில் ரெய்ம்ஸ் நகரம். திருத்தந்தை மூன்றாம் யூஜீன் தலைமையில் பொதுச்சங்கம் கூடியிருக்கிறது. ரோமாபுரி மக்கள் ‘எங்கள் ஊரை நாங்களே ஆண்டுகொள்கிறோம்’ என்று கிளம்பிவிட்டதால், போப்பாண்டவர் வெளியூர்களிலேயே தர்பார் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கர்தினால்கள், பேராயர்கள், ஆயர்கள், மடத்தலைவர்கள் என்று ஊர் கொள்ளாத கூட்டம்.

தீர்மானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குருமார்கள் பகட்டான ஃபர் அங்கி போடக் கூடாது என்று ஒன்று. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ரைனால்ட் என்பவர் எழுந்து ஆட்சேபித்தார். உலக இன்பத்தைத் துறப்பது வேறு, ஜெர்மானியக் குளிரில் ஃபர் அங்கியைத் துறப்பது வேறு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

இதே ஊரில், இதே கூட்டத்தாரிடம் வந்த இன்னொரு வழக்கு இது: கடவுள் எந்தத் தெய்வத்தன்மையால் கடவுளாக இருக்கிறாரோ, அந்தத் தெய்வத்தன்மை கடவுள்தானா, இல்லை வேறா?

சிரிக்க வேண்டாம். இதற்காக ஓர் ஆயரின் பதவி ஊசலாடிக்கொண்டிருந்தது.

விவகாரம் என்னவென்றால், நாமெல்லோரும் நம் குணங்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பொறுமை என்ற வீட்டில் காலையில் இருப்போம், பள்ளி வேன் வராவிட்டால் எட்டரை மணிக்குக் காலி செய்துவிடுவோம். அறிவு என்ற வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர், பேரன் பிறந்ததும் மூட்டை கட்டுவார். ஆள் வேறு, குணம் வேறு. குணம் போனாலும் ஆள் இருப்பார். சரி, கடவுளும் இப்படித்தானா? நன்மை என்ற வீட்டில் இருப்பதால் நல்லவர், ஞானம் என்ற வீட்டில் இருப்பதால் ஞானி என்றால், அந்த வீடுகள் யாருடையவை? அவருக்கு முன்பே கட்டி நின்றவையா? அட்வான்ஸ் எவ்வளவு? ஓனர் காலி செய்யச் சொன்னால் சர்வ வல்லமையுள்ளவர் எங்கே போவார்?

இந்த அவமானத்தை எந்த இறையியலாளனும் சகிக்க மாட்டான். ஆகவே, கடவுள் எந்த வீட்டிலும் இல்லை, வீடும் அவரே, ஓனரும் அவரே என்று முடிவு கட்டினார்கள். அவருக்கு நன்மை இருக்கிறது என்று சொல்லாதே, அவரே நன்மை. அவரே ஞானம், அவரே வல்லமை. அதுவும் தனித்தனி அறைகளாக அல்ல. அவருடைய நன்மையும் வல்லமையும் ஒன்றே, அவர் இருப்பதும் அவராக இருப்பதும் ஒன்றே. உள்ளே சுவரே கிடையாது. கடவுளுக்குக் கூறுகள் இல்லை என்பதால் இதைக் கூறின்மைக் கொள்கை எனலாம். தத்துவப் புத்தகங்களில் ‘எளிமை’ என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயரை நம்பி உள்ளே போனவர்கள் யாரும் சீக்கிரம் வெளியே வந்ததில்லை.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் கிறிஸ்தவரே இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் பாடம் நடத்திய பிளாட்டினஸ். எல்லாவற்றுக்கும் மூலம் ‘ஒன்று’. அதில் இரண்டாவதாக எதுவும் இல்லை, யோசனைகூட இல்லை என்றார். ஏனென்றால் யோசித்தால் யோசிப்பவர், யோசிக்கப்படுவது என்று இரண்டாகிவிடும். மனிதர் சொன்னபடி வாழவும் பார்த்தார். தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே அவருக்கு வெட்கம். படம் வரைய உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டார். சீடர் அமேலியஸ் விடுவாரா? ஓர் ஓவியரை வகுப்பில் உட்காரவைத்து, முகத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி, வீட்டுக்குப் போய் வரையவைத்தார். உடம்பு இல்லாத மாதிரி வாழ்ந்த குருவுக்குத் திருட்டுத்தனமாக ஒரு பாஸ்போர்ட் படம்.

4-ஆம் நூற்றாண்டில் இந்தச் சரக்கு கிறிஸ்தவர்கள் கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சண்டைக்குப் பயன்பட்டது. யூனோமியஸ் என்று ஒரு தர்க்கப் புலி. கடவுளுக்குக் கூறு இல்லை, சரியா? சரி. கடவுள் பிறவாதவர், சரியா? சரி. கூறு இல்லாதவருக்குப் பிறவாமை ஓர் ஓரமாக ஒட்டியிருக்க முடியாது. அவர் மொத்தமுமே பிறவாமைதான், சரியா? இந்த இடத்தில் எதிராளி லேசாக வியர்ப்பார். மகனாகிய கிறிஸ்துவோ பிறந்தவர். ஆகவே மகன் அதே கடவுள் இல்லை. முடிந்தது கதை! கடவுளைப் பற்றிக் கடவுளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும் என்று யூனோமியஸ் சொல்லிக்கொண்டதாக அவருடைய எதிரிகள் எழுதிவைத்தார்கள். எதிரிகள் எழுதியது என்பதைக் கழித்துக்கொண்டு படித்தாலும், ஆள் அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்று தோன்றுகிறது.

பசிலியார் என்ற இறையியலாளர் பதில் எழுதினார். யூனோமியஸ் மறுபதில் எழுதினார். அது சுற்றுக்கு வருவதற்குள் பசிலியார் 379-இல் காலமாகிவிட, தம்பி நிஸ்ஸா கிரகோரி பேனாவைக் கையில் எடுத்தார். ‘பிறவாதவர்’ என்பது நாம் வைத்த பெயர். நம் பெயர்ப்பலகையை அவருடைய அஸ்திவாரம் என்று நினைக்காதே என்பது அண்ணன் தம்பி கட்சி. இதே கிரகோரிதான் அன்றைய கான்ஸ்டான்டிநோபிள் கடைத்தெருவைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். சில்லறை கேட்டால் பிறந்தவர் பிறவாதவர் பேச்சு. ரொட்டி விலை கேட்டால் தந்தை பெரியவர், மகன் கீழ்ப்பட்டவர் என்று பதில். குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால் மகன் இன்மையிலிருந்து உண்டானவர் என்று முடிவுரை. அந்த ஊரில் பசியோடு கடைக்குப் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மேற்கே புனித அகுஸ்தினார் சண்டையை விட்டுவிட்டுச் சாரத்தை எடுத்துக்கொண்டார். கடவுளிடம் என்ன இருக்கிறதோ அதுவே அவர். ஆகவே எதையும் அவர் இழக்க முடியாது என்று ‘கடவுளின் நகரம்’ நூலில் எழுதிவைத்தார். வாடகைப் பத்திரத்தை அவர் கிழித்துப் போட்ட விதம் அழகு. அதற்குப் பின் போயெத்தியஸ். 524-ஐ ஒட்டி அரச துரோகப் பழியில் கொல்லப்பட்ட ரோமானியப் பெருமகன். இறையியலில் சில குட்டி நூல்கள் எழுதினார். தகுதியில்லாதவர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே சுருக்கமாகவும் பூடகமாகவும் எழுதுகிறேன் என்று அவரே சொன்னார். அதில் முழு வெற்றி பெற்றார்; அறுநூறு வருடம் தகுதியுள்ளவர்களுக்கும் புரியவில்லை.

அப்படிப்பட்ட நூல்களுக்கு உரை எழுத வந்தவர்தான் நம் கதாநாயகர், புவாத்தியே கில்பெர்ட்.

கில்பெர்ட் சாதாரண ஆள் இல்லை. ஷார்த்ர், பாரிஸ் என்று பெரிய இடங்களில் பாடம் நடத்திப் பேர் வாங்கி, 1142-இல் சொந்த ஊருக்கே ஆயராக வந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதியைப் படிப்பிலேயே கழித்தவர். போயெத்தியஸ் வேண்டுமென்றே இருட்டாக எழுதியதற்கு அவர் விளக்கேற்றினார். விளக்கு புகைந்தது. மூலமே தேவலை என்று படித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒருவன் மனிதனாக இருப்பது மனிதத்தன்மையால். ஆனால் மனிதத்தன்மை என்பது ஒரு மனிதன் இல்லை. அது தெருவில் நடக்காது, கடன் வாங்காது. அதே கணக்கில், கடவுள் கடவுளாக இருப்பது தெய்வத்தன்மையால். ஆகவே ‘தெய்வத்தன்மையே கடவுள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். கடவுளுக்குக் கூறு உண்டு என்று அவர் சொல்லவில்லை. சொற்களை எண்ணிச் செலவழிக்கச் சொன்னார்.

சொந்த ஊரிலேயே பிரச்சினை கிளம்பியது. அவருக்குக் கீழே இருந்த இரண்டு தலைமைத் திருத்தொண்டர்கள், ஆர்னால்டும் காலோவும், போப்பாண்டவருக்கு மொட்டைக் கடிதம் போடாமல் நேரிலேயே போய்ப் புகார் கொடுத்தார்கள். இந்த ஆர்னால்டுக்கு ஊரில் பட்டப்பெயர் ‘சிரிக்காதவர்’. நான் கட்டிய கதையல்ல, ஏட்டில் இருப்பது. சர்ச் வரலாற்றில் எத்தனையோ வழக்குகள். வாதியின் பெயரைக் கேட்டதும் வழக்கின் தன்மை புரிந்துபோவது இதில்தான்.

போப்பிடம் சொல்லிவிட்டு இருவரும் அடுத்ததாகப் போன இடம்தான் முக்கியம். கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்டு. அன்றைய ஐரோப்பாவில் போப்பாண்டவர் யார் என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள், பெர்னார்டு யார் என்றால் ஆடு மேய்க்கிறவனும் சொல்வான். நாவில் தேன். 1146-இல் வெஸ்லே நகரில் பேசிய பேச்சில் இரண்டாம் சிலுவைப் போருக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் ஊருக்குள் வந்தால் எங்கே துறவியாக இழுத்துப்போய்விடுவாரோ என்று தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்துவைப்பார்களாம். உண்ணாநோன்பு இருந்து இருந்து வயிறு கெட்டு, சாப்பிட்டது தங்காமல், ஜெபக்கூடத்தில் தம் இருக்கைக்குப் பக்கத்திலேயே தரையில் குழி வெட்டி வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி மந்திரம் சொன்னவர். இப்படிப்பட்ட மனிதரிடம் ‘நீங்கள் பயன்படுத்தும் பெயர்ச்சொல்லில் ஒரு சின்னத் திருத்தம்’ என்று போய்ச் சொல்ல முடியுமா? போதாததற்கு மூன்றாம் யூஜீன் முன்பு கிளேர்வோவில் இதே பெர்னார்டின் கீழ் துறவியாக இருந்தவர். வாத்தியார் உள்ளே வந்தால் போப்பாண்டவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

பெர்னார்டுக்கு முன் அனுபவமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் சென்ஸ் நகரில் தத்துவ ஆசிரியர் பீட்டர் அபெலார்டை மடக்கியபோது, வழக்குக்கு முதல்நாளே ஆயர்களைக் கூட்டித் தீர்ப்பைத் தயார்செய்துவிட்டார். அந்த ஆயர்கள் குடித்துவிட்டுத் தூங்கி வழிந்தபடி தலையாட்டினார்கள் என்று அபெலார்டின் ஆதரவாளர் பெரெங்கர் கேலி எழுதினார். கேலி எழுதுபவனை முழுக்க நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அபெலார்டு கில்பெர்ட்டைப் பார்த்து, பக்கத்து வீடு எரிந்தால் அடுத்தது உன் வீடு என்ற பொருளில் கவிஞர் ஹோரஸின் ஒரு வரியைச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

1147-இல் பாரிசில் முதல் விசாரணை. கில்பெர்ட்டின் புத்தகம் எங்கே என்றார்கள். கையில் இல்லை. அப்படியானால் சாட்சி? இரண்டு பேர் எழுந்து, இவர் அப்படிச் சொன்னதை எங்கள் காதால் கேட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அதில் ஒருவர் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். வாதம் கற்பிக்கிறவர் வாதத்தை விட்டுவிட்டுச் சத்தியம் செய்வதா என்று பலர் முகம் சுளித்தார்கள். போப்பாண்டவர் வாய்தா கொடுத்தார். வாய்தாதான் ரெய்ம்ஸ்.

ரெய்ம்ஸில் கில்பெர்ட் வந்த கோலம் பார்க்கத்தக்கது. பின்னால் அவருடைய எழுத்தர்கள் திருச்சபைத் தந்தையரின் தடிதடியான ஏடுகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். எதிர்த்தரப்பு கையில் மேற்கோள்கள் எழுதிய ஒரே ஒரு தாள். கில்பெர்ட் ஏட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். முன்னும் பின்னும் வெட்டிய மேற்கோளைக் காட்டாதே, முழு இடத்தையும் கேள் என்பது அவர் உத்தி. போப்பாண்டவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். அடுத்த அமர்வுக்கு எதிர்த்தரப்பும் புத்தக மூட்டைகளோடு வந்தது. எடை சமமாயிற்று.

இடையில் ஒரு துண்டுக் காட்சி. குற்றம் சாட்டப்பட்ட வாக்கியங்கள் சில, கில்பெர்ட் எழுதியவை அல்ல. பாடம் கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்பில் இருந்தவை. ‘நான் அப்படிச் சொல்லவில்லை, பையன் தப்பாக எழுதியிருக்கிறான்’ என்று உலகத்தின் முதல் வாத்தியார் காலத்திலிருந்து வரும் பதிலை அவரும் சொன்னார். ஆக, அந்தக் குறிப்பேட்டைச் சபை நடுவில் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த பொதுமக்கள் ஆயருக்குத்தான் தண்டனை என்று நினைத்துவிடக் கூடாதே என்று, இது ஆயர் எழுதிய புத்தகம் இல்லை என அவர்கள் பேச்சுமொழியில் விளக்கமும் சொன்னார்கள். அந்தப் பையன் கூட்டத்தில் இருந்திருந்தால் எப்படி நின்றிருப்பான்!

இந்த இடத்தில் எயோனைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். பிரிட்டனி பக்கம் மடங்களையும் கோயில்களையும் கொள்ளையடித்துக்கொண்டிருந்த ஆள். லத்தீன் ஜெபத்தில் ‘வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட வரப்போகிறவர்’ என்று வரும் இடத்தில் ஒரு சொல் அவன் பெயரைப் போலவே ஒலிக்கும். அட, நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டான். ரெய்ம்ஸ் சங்கத்தின் முன் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கையில் மேலே கவையாகப் பிரிந்த ஒரு கோல். இது என்னப்பா என்று கேட்டார்கள். இரண்டு கிளையும் மேலே பார்த்தால் உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடவுளுக்கு, ஒரு பங்கு எனக்கு. கோலைக் கவிழ்த்துப் பிடித்தால் இரண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு அவருக்கு என்றான். சபை வாய்விட்டுச் சிரித்தது. ஆர்னால்டு இருந்தாரா, சிரித்தாரா என்று ஏட்டில் இல்லை.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எயோன் தன் சீடர்களுக்குப் பெயர் வைத்திருந்தான்: ஒருவன் ஞானம், ஒருவன் அறிவு, ஒருவன் தீர்ப்பு. அதாவது கில்பெர்ட் மீது எந்தப் பழியைப் போட்டார்களோ, அது கைகால் முளைத்து எதிரே நின்றது. கடவுள் வேறு, அவருடைய ஞானம் வேறு. ஞானம் இரவில் ஆடு திருடப் போகும், கடவுள் கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எயோனைப் பைத்தியம் என்று சொல்லிக் காவலில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் செத்துப்போனான். சீடர்கள் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள், எரித்துவிட்டார்கள். தீர்ப்பு என்ற பெயர்க்காரன் போகும் வழியில், பூமியே பிளந்துகொள் என்று கத்திக்கொண்டே போனானாம். பூமி கேட்கவில்லை. இந்தப் பகுதியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கில்பெர்ட் வழக்குக்கு வருவோம். வாதம் நேராக நடந்தால் ஜெயிக்க முடியாது என்று பெர்னார்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பழைய உத்தியை எடுத்தார். கான்டர்பரி, யார்க் பேராயர்கள், சேன் தெனி மடத்தலைவர் சூஜே என்று பிரெஞ்சு, ஆங்கிலப் பெரிய தலைகளைத் தம் ஜாகைக்கு அழைத்தார். அங்கே நடந்ததை அந்தக் காலத்து எழுத்தாளர் சாலிஸ்பரி ஜான் எழுதிவைத்திருக்கிறார். பெர்னார்டு ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவர் செயலாளர் ஜெஃப்ரி எழுதி, வாசித்து, ‘சம்மதமா?’ என்று கேட்பார். ‘சம்மதம்’ என்று குரல் வரும். அடுத்தது. சம்மதமா? சம்மதம். அபெலார்டு வழக்கை நினைத்துப் பாதிப் பேருக்கு நெளிவு, ஆனால் பெர்னார்டின் முகத்துக்கு நேரே யார் சொல்வது? ராபர்ட் என்ற ஒரு தலைமைத் திருத்தொண்டர் மட்டும், போப்பும் கர்தினால்களும் ஊரிலேயே இருக்கும்போது நாம் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாமே என்று மெதுவாகச் சொன்னார். கூட்டம் கலைந்தது.

விஷயம் கர்தினால்கள் காதுக்குப் போனது. கொதித்துப்போனார்கள். உங்களைப் போப்பாக்கியது நாங்கள், உங்கள் பழைய மடத்து நண்பர் அல்ல. விசுவாசத்தை வரையறுப்பது எங்கள் வேலை, பிரெஞ்சுக்காரர்கள் தனி அறையில் கூடி முடிவெடுப்பதற்கு நாங்கள் எதற்கு என்று போப்பாண்டவரிடமே பொரிந்து தள்ளினார்கள். அந்த நிமிடத்தில் தெய்வத்தன்மை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்காலி முன்னால் வந்தது. கோஷ்டி அரசியல் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யூஜீன் பழைய குருவைக் கூப்பிட்டு விசாரித்தார். பெர்னார்டு தேன் குரலில், தீர்மானமா, அதெல்லாம் இல்லை, என் சொந்த நம்பிக்கையைச் சாட்சிகளோடு சொன்னேன், அவ்வளவுதான் என்றார்.

கடைசியில் போப்பாண்டவர் கொடுத்த தீர்ப்பு தமிழ் வாத்தியார்கள் கட்டம் கட்டி மாட்ட வேண்டிய ஒன்று. கடவுளைப் பற்றிப் பேசும்போது தெய்வ சாராம்சத்தை ‘ஆல்’ பொருளில் மட்டும் சொல்லக் கூடாது. எழுவாயாகவும் சொல்ல வேண்டும். அதாவது ‘தெய்வத்தன்மையால் கடவுள்’ என்பது மட்டும் போதாது, ‘தெய்வத்தன்மையே கடவுள்’ என்றும் சொல்லியாக வேண்டும். ஒரு பொதுச்சங்கம், ஒரு போப், ஒரு வருடத்துக்கு மேல் வழக்கு, வண்டிவண்டியாகப் புத்தகம். முடிவு மூன்றாம் வேற்றுமையா முதல் வேற்றுமையா என்பது. பத்தாம் வகுப்பில் வேற்றுமை உருபுக்கு மதிப்பெண் இழந்தவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கில்பெர்ட்டுக்கும் அதில்தான் போனது.

போனது என்றாலும் பதவி போகவில்லை. புத்தகத்தைத் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள், தலையாட்டினார், மரியாதையோடு ஊர் திரும்பினார். கருத்தில் பெர்னார்டுக்கு வெற்றி, சபையில் கில்பெர்ட்டுக்கு வெற்றி. கர்தினால்களுக்குக் கோபம் வந்திராவிட்டால் இரண்டாவது நடந்திருக்காது.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். படிப்பில் பெர்னார்டு கில்பெர்ட்டின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மூக்கு கூர்மையானது. ‘ஆல்’ என்ற அந்த ஒற்றை உருபுக்குள் ஹவுஸ் ஓனர் ஒளிந்திருப்பதை அவர் மோப்பம் பிடித்துவிட்டார். ஒன்றினால்தான் நீ நீயாக இருக்கிறாய் என்றால், மாதம் பிறந்ததும் அதற்கு வாடகை கட்டத்தான் வேண்டும். பிடித்தது சரி, ஜாகையில் தனிக் கூட்டம் போட்டதுதான் அசிங்கம்.

வழக்கு முடிந்தபின் பெர்னார்டு சாலிஸ்பரி ஜானைத் தூதனுப்பினார். ஜான் இருவருக்கும் வேண்டியவர், கில்பெர்ட்டிடம் பாடம் கேட்டவர். திருச்சபைத் தந்தையான புனித ஹிலரியின் சில வாசகங்களைப் பற்றிச் சண்டையில்லாமல் உட்கார்ந்து பேசலாமே என்று செய்தி. கில்பெர்ட்டின் பதில்: பேசியது போதும், ஹிலரியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மடத்தலைவர் முதலில் அடிப்படைப் பாடங்களை ஒழுங்காகப் படித்துவிட்டு வரட்டும். இதை எடுத்துக்கொண்டு பெர்னார்டிடம் திரும்பி நடந்த ஜானின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். பிற்பாடு கான்டர்பரி பேராலயத்தில் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டப்பட்ட நாளில் அங்கே இருந்தவரும் இதே ஜான்தான். ஆனாலும் அந்தத் தூது குறைந்த ஆபத்தாகத் தெரியவில்லை.

1153-இல் யூஜீனும் பெர்னார்டும் போனார்கள், அடுத்த வருடம் கில்பெர்ட். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் கடவுளின் இயல்பு முற்றிலும் கூறற்றது என்று விசுவாச அறிக்கையிலேயே எழுதிவிட்டது. பிறகு தாமஸ் அக்குவினாஸ் வந்தார். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டு முடித்த கையோடு அடுத்த கேள்வியிலேயே எட்டுப் பிரிவுகளில் கூறின்மையைப் பிரித்து மேய்ந்தார். கூறே இல்லை என்பதற்கு எட்டுக் கூறு. உடம்பு இல்லை, பொருள்-வடிவம் என்ற சேர்க்கை இல்லை, இருப்பு வேறு இயல்பு வேறு என்பதும் இல்லை. இல்லை இல்லை என்றே கட்டிய மாளிகை. கடவுள் என்ன என்று நமக்குத் தெரியாது, என்ன இல்லை என்றுதான் தெரியும் என்று முதலிலேயே எழுதிக் கைகழுவிவிட்டதால் அவரை யாரும் பிடிக்க முடியாது. போகிற போக்கில், கில்பெர்ட் தவறு செய்தார், ரெய்ம்ஸில் திருத்திக்கொண்டார் என்றும் ஒரு வரி போட்டார். சபையில் ஜெயித்தவர் ஏட்டில் தோற்றது இப்படி. 1273 டிசம்பரில் அக்குவினாஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றார். மூன்று மாதத்தில் காலமானார்.

கிழக்கே வேறு கூத்து. கடவுளின் சாராம்சம் எட்டாது, ஆனால் அவருடைய ஆற்றல்கள் நம்மைத் தொடும், இரண்டும் வேறு, ஆனாலும் கடவுள் ஒன்றே என்றார் கிரகோரி பாலமாஸ். பர்லாம் என்ற துறவி எதிர்த்தார். தலையைக் குனிந்து மூச்சடக்கி ஜெபிக்கும் பாலமாஸ் கட்சித் துறவிகளைத் ‘தொப்புளில் ஆன்மா வைத்தவர்கள்’ என்று நக்கலடித்தார். 1341-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் பர்லாமைத் தள்ளிவைத்தது. மனிதர் மேற்கே போய், கவிஞர் பெட்ரார்க்குக்குக் கிரேக்க டியூஷன் எடுத்து, அந்தப் பழக்கத்தில் ஆயர் பதவியும் வாங்கிக்கொண்டார். பெட்ரார்க்குக்குக் கடைசிவரை கிரேக்கம் வரவில்லை.

அதன்பின் பல நூற்றாண்டு, பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயமாகக் கூறின்மை நிம்மதியாகத் தூங்கியது. எழுப்பியவர் தத்துவப் பேராசிரியர் ஆல்வின் பிளான்டிங்கா. 1980-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், மார்கெட் பல்கலைக்கழகத்தின் வருடாந்திர அக்குவினாஸ் சொற்பொழிவுக்கு அவரை அழைத்தார்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், அக்குவினாஸ் பெயரில் மேடை. அங்கே போய் நின்றுகொண்டு அக்குவினாஸின் அடிமடியில் கைவைத்தார். கடவுளும் அவருடைய நன்மையும் ஒன்றே என்கிறீர்கள். நன்மை ஒரு பண்பு. அப்படியானால் கடவுள் ஒரு பண்பு. பண்பு உலகத்தைப் படைக்குமா? பண்புக்குக் கோபம் வருமா, அன்பு வருமா? ஓனர் தொல்லையிலிருந்து தப்பிக்க வீடும் ஆளும் ஒன்றே என்றீர்கள். இப்போது வெறும் வீடு நிற்கிறது, கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. நன்மையும் வல்லமையும் ஒன்றே என்றால் மொத்தத்தில் இருப்பது ஒரே பண்பு என்று கூடுதலாக ஒரு குட்டும் வைத்தார்.

பிளான்டிங்கா சீர்திருத்தச் சபைக்காரர். அந்தச் சபை ஏற்ற 1561-ஆம் வருடத்து பெல்ஜிய விசுவாச அறிக்கை, கடவுள் ஒரே ஒரு கூறற்ற ஆவி என்றுதான் முதல் பிரிவையே தொடங்குகிறது. ஆக அன்று விருந்தாளியாகப் போன வீட்டையும் இடித்தார், சொந்த வீட்டையும் இடித்தார். பெர்னார்டு உயிரோடு இருந்திருந்தால் அன்றிரவே மில்வாக்கியில் ஒரு ஜாகை பிடித்திருப்பார்.

இந்தக் காலத்தில் சண்டை கட்டுரையில்தான். 1985-இல் எலனோர் ஸ்டம்பும் நார்மன் கிரெட்ஸ்மனும் அக்குவினாஸ் சார்பில் பதில் எழுதினார்கள். கடவுள் ஒரு பண்பு என்று அவர் சொல்லவில்லை. நன்மை, ஞானம் என்று நாம் பல பெயரில் சுட்டுவது அவர் பக்கம் ஒன்றே என்றார், அவ்வளவுதான் என்பது ஆதரவாளர்களின் பொதுவான பாட்டு. பசிலியாரின் பெயர்ப்பலகை வாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது போல் எனக்குத் தெரிகிறது. உடனே எதிர்த்தரப்பு அடுத்த குண்டைப் போட்டது. கடவுள் கட்டாயம் இருந்தே தீர வேண்டியவர். அவருடைய சித்தமும் அவரும் ஒன்றே. ஆகவே அவருடைய சித்தமும் மாற முடியாத கட்டாயம். ஆகவே இந்த உலகம், இதில் உள்ள ஒவ்வொரு கொசு, எல்லாமே வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது. அவர் சுதந்திரமாகப் படைத்தார் என்ற பேச்சு என்னாவது?

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில்: எந்த உலகத்தைப் படைத்தாலும் கடவுளுக்குள் ஒரு மாற்றமும் இல்லை, வேறுபாடு முழுக்கப் படைக்கப்பட்ட பக்கத்தில்தான். அதாவது கொசு இருக்கும் உலகத்துக் கடவுளும் கொசுவே இல்லாத உலகத்துக் கடவுளும் உள்ளே அணுவளவும் வித்தியாசப்பட மாட்டார். கொசு மட்டும்தான் வித்தியாசம். இந்தப் பதிலில் எனக்குப் பாதிதான் சம்மதம். பாதி என்று சொன்னால் பெர்னார்டு ஒப்புக்கொள்ள மாட்டார்.